சஹனைப் போல் ஒரு வாவி



மீன் என்றதும் நம் நினைவுக்கு வருவது சந்தையும் சட்டியும்தான். காலையில் மீன்காரரின் ஹோர்ன் சத்தம் கேட்டால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறோம். செவுளைத் தூக்கிப் பார்த்து, நாலு வார்த்தை விலை பேசி, வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறோம். அந்த மீன் எந்த நீரில் வளர்ந்தது, அதைப் பிடித்தவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்று கேட்கும் வழக்கம் நமக்கில்லை.

இம்மாதம் உங்களைத் தூர தேசத்து வாவியொன்றுக்கு அழைத்துச் செல்லப் போகிறேன். அங்கே மக்கள் கூட்டமாக வள்ளமேறிப் போய், அரைநாள் தூண்டில் போட்டு, பிடித்த மீன்களில் பெரும்பாலானவற்றைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். காசு கொடுத்துப் போனவர்கள், கைக்கு வந்த மீனை ஏன் விட வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்தப் பயணம். பாஸ்போர்ட்டும் விஸாவும் வேண்டாம். அடுப்படி வேலை முடிந்து நீங்கள் சற்று ஆறுதலாக உட்காரும் நேரமே போதும்.

பத்தாயிரம் வாவிகளின் நாடு

ஐக்கிய அமெரிக்காவின் வட எல்லையில், கனடாவுக்குக் கீழே இருக்கிறது மினசோட்டா மாநிலம். ‘பத்தாயிரம் வாவிகள்’ என்று தம் வாகனங்களின் இலக்கத் தகட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளும் மக்கள் அவர்கள். அது வெறும் பெருமைப் பேச்சல்ல. பத்து ஏக்கருக்கு மேற்பட்டவற்றை மட்டும் எண்ணினாலே 11,842 வாவிகள் அங்கே உண்டு. ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த நிலத்தை மூடியிருந்த பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச் சென்ற பள்ளங்களே இன்று வாவிகளாக நிறைந்து கிடக்கின்றன.

நாம் போகப்போவது மில் லாக்ஸ் வாவிக்கு. மினியாபொலிஸ், செயின்ட் போல் என்னும் இரட்டை நகரங்களிலிருந்து வடக்கே ஏறக்குறைய 100 மைல். ‘மில் லாக்ஸ்’ என்பது பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற பெயர்; ஆயிரம் வாவிகள் என்று பொருள். ஆனால் அது ஒரே வாவிதான். அங்கே நெடுங்காலமாக வாழும் ஒஜிப்வே என்னும் பூர்வீகக் குடிகள் தங்கள் மொழியில் அதைப் ‘பெரிய வாவி’ என்றே அழைக்கிறார்கள். அவர்களுக்கு முன் அங்கிருந்த டகோட்டா மக்களோ அதைப் புனித வாவி என்றார்கள். வாவியிலிருந்து புறப்பட்டு மிசிசிப்பியில் கலக்கும் ஆற்றுக்கும் அதே பெயர்தான் இருந்தது. வந்தேறிய வெள்ளையர்கள் அந்தச் சொல்லைத் திரித்து ஆற்றுக்கு ஒரு மதுவின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். இன்றும் அது ‘ரம் ஆறு’ என்றே வரைபடத்தில் இருக்கிறது!

வாவியின் பரப்பு சுமார் 536 சதுர கிலோமீட்டர். நம் கொழும்பு மாவட்டத்தில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரையில் நின்றால் எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாத இடங்கள் உண்டு. ஆனால் அதன் ஆழமோ மிக அதிகமான இடத்திலும் 42 அடிதான். நம் கலியாண வீட்டுச் சஹனை நினைத்துப் பாருங்கள்: அகலம் பெரிது, ஆழம் சிறிது. இந்த வாவியும் அப்படித்தான். அதனால் காற்று சற்றுப் பலமாக வீசினாலும் அலை சட்டென்று எழும்பிவிடும். அத்தகைய நாட்களில் வள்ளங்கள் கரையிலேயே கட்டிக் கிடக்கும்.

வாவியின் நடுவே சிறு பாறைத் திட்டுகள் இரண்டு உள்ளன. இரண்டும் சேர்ந்தாலும் ஓர் ஏக்கரில் பாதிக்குச் சற்று மேல்தான். 1915 முதல் அவை பறவைகளுக்கான தேசிய சரணாலயம். நாட்டிலேயே மிகச் சிறிய சரணாலயம் அதுதான். அந்தக் கற்களின் மேல் ஆலாப் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன.

வெண்விழி மீன்

இவ்வளவு பேர் தேடிப் போகும் அந்த மீனின் பெயர் வோல்ஐ. வெளிறிய விழி என்று பொருள் கொள்ளலாம். பெயருக்கேற்ப அதன் கண் பளிங்குக் குண்டைப் போல் மங்கலாகத் தெரியும். விளக்கொளி பட்டாலோ பூனையின் கண்ணைப் போல் மின்னும். கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதே காரணம். மாட்டுக்கும் பூனைக்கும் அருளப்பட்ட அதே ஏற்பாடுதான் இந்த மீனுக்கும்.

இதன் பயன் என்ன தெரியுமா? பொழுது சாய்ந்து மற்ற மீன்களுக்குப் பார்வை மங்கும் வேளையில் வோல்ஐ தெளிவாகப் பார்க்கிறது. அப்போதுதான் அது இரை தேடிப் புறப்படுகிறது. நண்பகல் வெயிலில் ஆழத்தில் அடங்கிக் கிடக்கும். காற்றடித்து நீர் அலைந்து வெளிச்சம் உடையும்போது பகலிலும் வெளியே வரும். ஆகவே கண்ணாடி போன்ற அமைதியான வாவி பார்க்க அழகாக இருந்தாலும், தூண்டில்காரர்கள் வேண்டுவது மெல்லிய அலையைத்தான்.

தங்கமும் பச்சையும் கலந்த உடல். வாலின் கீழ் நுனியில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. 1965-ஆம் ஆண்டு இதைத் தங்கள் மாநில மீனாக மினசோட்டா அறிவித்தது. மில் லாக்ஸ் கரையிலுள்ள கரிசன் என்ற சிற்றூரில் இந்த மீனுக்கு ஒரு பெரிய சிலையே வைத்திருக்கிறார்கள்.

சித்திரை மாதத்தில் பனி உருகியதும் இவை கரையோரக் கற்பாங்கான இடங்களுக்கு வந்து இரவில் முட்டையிடும். ஒரு தாய் மீன் இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். கூடு கட்டுவதுமில்லை, காவல் இருப்பதுமில்லை. இலட்சத்தில் எத்தனை பிழைக்கும் என்பது குளிரின் கையிலும், காற்றின் கையிலும், பசித்த வாய்களின் கையிலும் இருக்கிறது.

லோஞ்சில் ஒரு மாலை

இனி வள்ளத்துக்கு வாருங்கள். மில் லாக்ஸ் கரையிலுள்ள தங்கும் விடுதிகள் ‘லோஞ்ச்’ எனப்படும் பெரிய வள்ளங்களை வைத்திருக்கின்றன. மேலே கூரை, சுற்றிவரக் கம்பி வேலி, ஓரமெல்லாம் ஆசனங்கள். பத்துப் பேரும் போகலாம். முப்பது நாற்பது பேர் ஏறக்கூடியவையும் உண்டு. தூண்டில் தடி, றீல், இரை எல்லாம் அங்கேயே தருகிறார்கள். சொந்த வள்ளமோ அனுபவமோ இல்லாதவர்கள் இப்படிச் சேர்ந்து போவதே அங்கு வழக்கம். வேலைத்தலத்து நண்பர்கள், அயலவர்கள், பாட்டி முதல் பேரப்பிள்ளை வரையான குடும்பம் எல்லோரும் ஒரே வள்ளத்தில்.

பெண்கள் கரையில் சோறு கட்டிக்கொடுத்துவிட்டு நிற்பார்கள் என்று எண்ணாதீர்கள். மே மாதத்தில் வோல்ஐ பருவம் தொடங்கும் கிழமை பெரும்பாலும் அந்நாட்டு அன்னையர் தினத்தோடு சேர்ந்து வரும். அந்த இரண்டு நாட்களும் மினசோட்டாத் தாய்மார் அனுமதிப் பத்திரம் இல்லாமலேயே தூண்டில் போடலாம் என்பது மாநிலத்தின் ஏற்பாடு. அங்கு வசிக்கும் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் பத்திரம் தேவையில்லை. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை வள்ளம் ஓடும்போது மிதப்பு அங்கி அணிந்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

மாலைப் பயணம் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். லோஞ்ச் பாறைத் திட்டொன்றின் அருகே நிற்கிறது. தூண்டில் முள்ளில் நீரட்டையைக் கோத்துப் போடுகிறார்கள். நமக்கு அருவருப்புத்தான், வோல்ஐக்கோ அது விருந்து! நூலில் ஒரு மிதவை. எல்லோர் கண்ணும் அந்த மிதவையின் மேல். ஆனி மாதமென்றால் அங்கே பொழுது அடைவது இரவு ஒன்பது மணி தாண்டித்தான். மஃரிபை நெருங்கும் அந்த வேளையே மீன் கடிக்கும் வேளையும். அங்கு போகும் முஸ்லிம் குடும்பங்கள் வுழூவோடு வள்ளமேறுவது நல்லது.

திடீரென்று ஒரு சிறுமியின் மிதவை நீருக்குள் போகிறது. தடி வளைகிறது. “மெதுவா, மெதுவா!” என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் சத்தமிடுகிறார்கள். அவள் றீலைச் சுற்றுகிறாள். பக்கத்தில் நிற்பவர் கைவலையை நீட்டி மீனைத் தூக்குகிறார். பெரிய மீன்! அந்த வள்ளத்தில் அதுவரை அப்படியொன்று வரவில்லை. பிள்ளையின் முகத்தில் வெளிச்சம்.

லோஞ்சை ஓட்டுபவர் அளவுப் பலகையைக் கொண்டு வருகிறார். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 25 அங்குலம். அவர் தலையை அசைக்கிறார். மீன் மறுபடி தண்ணீருக்குள் போக வேண்டும்.

அங்குலக் கணக்கு

மில் லாக்ஸில் எந்த அளவு மீனை, எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். சிலவேளை பருவத்தின் நடுவிலும் மாறும். 2020-க்குப் பின் சில பருவங்களில் ஒருவருக்கு ஒரே ஒரு வோல்ஐ. அதுவும் 21 முதல் 23 அங்குலத்துக்குள், அல்லது 28 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். இடையிலுள்ளதெல்லாம் வாவிக்கே சொந்தம். நான்கு மணித்தியாலம் தூண்டில் போட்டு இருபது மீன் பிடித்தவரும் வெறுங்கையோடு திரும்பலாம்.

அந்தப் பிள்ளைக்கு யார் எடுத்துச் சொல்வது? அவள் உம்மாதான் சொல்ல வேண்டும். இந்த மீன் இனத்தில் ஆணைவிடப் பெண்ணே பெரிதாக வளரும். 25 அங்குலத்து மீன் பெரும்பாலும் ஒரு தாய். அடுத்த சித்திரையில் இலட்சம் முட்டைகளோடு கற்பாறைக்குப் போக வேண்டியவள். இதைக் கேட்டால் பிள்ளையின் கண்ணீர் உடனே நின்றுவிடாதுதான். ஆனால் ஈரக் கையால் மீனைப் பிடித்து, நீருக்குள் இறக்கி, அது வாலடித்து மறையும் வரை பார்த்திருந்தவளுக்கு அந்தக் காட்சி மறக்காது.

இதில் ஒரு வேதனையும் உண்டு. முள்ளை விழுங்கி இரத்தம் கசியும் மீன் அளவுக்குள் இல்லாவிட்டால் அதையும் விட்டுத்தான் ஆக வேண்டும். அது பிழைக்காது என்று கண்ணுக்கே தெரியும். “இது வீண்விரயம் இல்லையா?” என்று அந்நாட்டவர்களே கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாகக்கூடிய மீனை வைத்துக்கொள்ளலாம் என்று விதி சொன்னால், எல்லா மீனும் சாகக்கூடிய மீனாகிவிடும் அல்லவா? அதனால் விட்ட பின் இறக்கும் மீன்களையும் மதிப்பிட்டு, பிடித்த கணக்கிலேயே சேர்க்கிறார்கள். நீர் சூடேறும் ஜூலையில்தான் அப்படி இறப்பவை அதிகம். 2017 ஜூலையில் சில கிழமைகள் வோல்ஐ பிடிப்பதையே நிறுத்தி வைத்தார்கள்.

ஒரே சஹனில் இரு தரப்பார்

சரி, இவ்வளவு இறுக்கமான கணக்கு ஏன் வந்தது? அதற்குப் பின்னால் ஒரு வாக்குறுதி இருக்கிறது.

1837-இல் ஒஜிப்வே மக்கள் ஐக்கிய அமெரிக்க அரசோடு ஓர் உடன்படிக்கை செய்து பரந்த நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் அந்த நிலத்தில் வேட்டையாடவும், மீன் பிடிக்கவும், நீரில் விளையும் காட்டரிசியைச் சேகரிக்கவும் தங்களுக்குள்ள உரிமையை எழுத்தில் வைத்துக்கொண்டார்கள். காலம் ஓடியது. விடுதிகள் எழுந்தன, தூண்டில்காரர்கள் பெருகினார்கள். மாநிலமோ எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று சொல்லி, பூர்வீகக் குடிகளின் வலையையும் ஈட்டியையும் தடுத்தது. பழைய காகிதத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள், அவர்களைத் தவிர.

1990-இல் மில் லாக்ஸ் ஒஜிப்வேயினர் வழக்குத் தொடுத்தார்கள். வேறு குழுக்களும் சேர்ந்துகொண்டன. கரையெங்கும் கசப்பு. தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று விடுதிக்காரர்கள் அஞ்சினார்கள். ஒன்பது ஆண்டுகள் இழுபட்ட வழக்கில் 1999 மார்ச் 24-ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதியரசர்கள் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் 1837-இன் வாக்குறுதி இன்னும் உயிரோடிருக்கிறது என்று முடிவாயிற்று. அந்தத் தீர்ப்பை எழுதியவர், அந்நீதிமன்றத்தின் முதல் பெண் நீதியரசரான சன்ட்ரா டே ஓகொனர்.

அன்று முதல் வாவியிலிருந்து ஓராண்டில் எவ்வளவு எடுத்தால் பாதிப்பில்லை என்பதை மாநிலத்தின் நிபுணர்களும் ஒஜிப்வேயினரின் நிபுணர்களும் கூடிப் பேசுகிறார்கள். பின்பு அது இரண்டு பங்காகப் பிரிகிறது. வசந்த காலத்தில் வலை போடும் ஒஜிப்வேயினரின் மீன்கள் கரையிலேயே எண்ணி நிறுக்கப்படுகின்றன. தூண்டில்காரர்களின் பங்குக்குத்தான் அந்த அங்குலக் கணக்கு.

சஹனில் உட்காரும் பிள்ளைக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுப்பது என்ன? உன் பக்கத்தில் உள்ளதை எடு, அடுத்தவர் பக்கம் கை நீட்டாதே என்றுதானே! இரண்டு சமூகங்கள் அந்தப் பாடத்தைப் படிக்க 162 ஆண்டுகளும் ஒரு நாட்டின் உயர் நீதிமன்றமும் தேவைப்பட்டன.

குறைந்துபோன மீன்

பங்கு பிரித்ததோடு கதை முடியவில்லை. சஹனிலுள்ளதே குறையத் தொடங்கியது.

2013-இல் இரு தரப்புக்குமாக 250,000 றாத்தல் வோல்ஐ பிடிக்கலாம் என்று வைத்திருந்தார்கள். 2014-இல் அது 60,000. 2015-இல் 40,000. அதில் தூண்டில்காரர்களின் பங்கு 28,600 றாத்தல். அது கோடை முடியும் முன்பே தீர்ந்துபோனது. ஆகஸ்ட் 3-ஆந் திகதி வோல்ஐ பிடிப்பு மூடப்பட்டது. பருவத்தின் நடுவே விடுதிகளின் கதவை மூட வைத்தாற்போன்ற அடி. 2016-இல் பிடித்த வோல்ஐ எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்ற விதியோடுதான் பருவம் தொடங்கியது.

“வலை போட்டவர்களே காரணம்” என்றார்கள் சிலர். “தூண்டில்காரர்களே காரணம்” என்றார்கள் வேறு சிலர். நிபுணர்கள் கண்டதோ இரண்டிலும் அடங்காத ஒன்று. முட்டை பொரிக்கிறது, குஞ்சுகளும் ஏராளம். ஆனால் அவை பெரிதாகும் முன்பே மறைந்துவிடுகின்றன. வாவியின் நீர் முன்பைவிடத் தெளிந்துவிட்டது. மங்கலான நீருக்கென்று படைக்கப்பட்ட கண்ணுடைய மீனுக்குத் தெளிந்த நீர் வசதியான வீடல்ல. நீரும் சூடேறி வருகிறது. குளிர்ந்த நீரை விரும்பும் இரை மீன்கள் குறைகின்றன.

2005-இல் வரிச் சிப்பி என்னும் அந்நிய உயிரினம் அங்கே காணப்பட்டது. நகத்தளவு சிப்பிதான், ஆனால் ஒவ்வொன்றும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லீற்றர் நீரை வடிகட்டி, குஞ்சுகளின் உணவுச் சங்கிலிக்கு அடிப்படையான நுண்ணுயிர்களைத் தின்றுவிடுகிறது. 2009-இல் முள்வால் கொண்ட அந்நிய நீர்ப்பூச்சியொன்றும் வந்து சேர்ந்தது. இத்தகையவை ஒரு வாவியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் நம்மைப் போன்ற உல்லாசப் பயணிகளின் வள்ளத்தில் ஒட்டிக்கொண்டுதான். ஆகவே கரையேறியதும் வள்ளத்தின் அடைப்பானைக் கழற்றி நீரை வடித்து, பாசியைத் துடைத்த பின்பே தெருவுக்குப் போக வேண்டும் என்று அங்கே சட்டம்.

அண்மைய ஆண்டுகளில் நிலைமை சற்றுத் தேறி, மீன் வைத்துக்கொள்ளும் அனுமதி திரும்பியிருக்கிறது. நம்பிக்கைக்கு இன்னொரு சாட்சியும் அதே மாநிலத்தில் உண்டு. வடக்கேயுள்ள சிவப்பு வாவியில் தொண்ணூறுகளில் வோல்ஐ அடியோடு சரிந்தது. அங்குள்ள பூர்வீகக் குடியினர் தங்கள் வலைத் தொழிலைத் தாங்களே நிறுத்தினார்கள். 1999-இல் அவர்களும் மாநிலமும் உடன்பட்டு மீன்பிடிப்பை மூடி, கோடிக்கணக்கான குஞ்சுகளை விட்டார்கள். பசியோடு பொறுத்திருந்தார்கள். 2006-இல் வாவி மீண்டும் திறந்தது. ஏழு ஆண்டுகளில் மீன் திரும்பி வந்தது!

சட்டிக்கு வந்தால்

வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்த மீனைப் பற்றியும் கேட்பீர்கள். வெள்ளைச் சதை, மெல்லிய சுவை, வெடுக்கு மிகக் குறைவு. முள் நீக்கித் துண்டமாக்கி, மாவிலோ ரொட்டித் தூளிலோ பிரட்டிப் பொரிப்பது அங்குள்ள வழக்கம். பக்கத்தில் ஒஜிப்வே மக்களின் காட்டரிசிச் சோறு. கறுத்த நீண்ட மணி; நெல்லல்ல, நீரில் வளரும் ஒரு புல்லின் விதை.

நமக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, மீனை அறுக்கத் தேவையில்லை என்பதால் உணவகத்தில் மீன் கேட்டால் போதும் என்று அங்கு செல்லும் நம்மவர் நினைப்பதுண்டு. ஆனால் அந்தப் பகுதி உணவகங்கள் பலவற்றில் மாவைப் பியரில் கரைத்துப் பொரிக்கிறார்கள். கேட்ட பிறகே வாங்குங்கள். ஐக்கிய அமெரிக்காவிலேயே சோமாலிய முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் மாநிலம் அதுதான். கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

இரண்டாவது தாய்மாருக்கு. வோல்ஐ மற்ற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் மீன். வயது ஏற ஏற அதன் உடலில் பாதரசம் சேர்கிறது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இதைக் குறைவாகவே உண்ண வேண்டும், பெரிய மீன்களைத் தவிர்க்க வேண்டும் என்று அம்மாநில சுகாதாரத் திணைக்களம் அறிவுறுத்துகிறது. வாவியின் நலனுக்காக எந்தத் தாய் மீனை விடச் சொன்னார்களோ, அதை விடுவதே நம் தாய்மாரின் நலனுக்கும் நல்லதாயிருக்கிறது. பாருங்கள்!

சகோதரிகளே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். காசு கொடுத்துப் போனவர்கள் கைக்கு வந்த மீனை ஏன் விடுகிறார்கள்? அவர்கள் காசு கொடுத்தது வள்ளத்துக்கும் இரைக்கும்தான். மீனுக்கு அல்ல. அது ஒஜிப்வேயினரின் பங்கிலும் இருக்கிறது. அடுத்த சித்திரையின் பங்கிலும் இருக்கிறது. இன்னும் பிறக்காத பிள்ளையின் பங்கிலும் இருக்கிறது. தூண்டிலில் அகப்பட்டதாலேயே ஒன்று நமக்குரியதாகிவிடாது.

உங்கள் பிள்ளைகள் குளத்துக்கோ ஆற்றுக்கோ தூண்டிலோடு போய்த் திரும்பினால், எத்தனை பிடித்தாய் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் மட்டும், எத்தனையை விட்டுவிட்டு வந்தாய் என்றும் கேளுங்கள். இரண்டொரு முறை கேட்டால் போதும். அடுத்த முறை அந்தக் கணக்கையும் சேர்த்தே கொண்டு வருவார்கள்.